வாக்குத்தத்த அட்டையில் ஒன்று, வாழ்க்கையில் வேறொன்று: தேவன் நடத்துகிறார் என்று எப்படி நம்புவது?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். புது வருஷ ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை, கொடுத்தார்கள். எனக்கு வந்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". பர்ஸிலேயே வைத்துக்கொண்டு வளைகுடாவுக்குத் திரும்பினேன். ஏசி மெக்கானிக் வேலை. சித்திரை மாதத்தில் பிராஜக்ட் முடிந்துவிட்டது, கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஓமானுக்கு விசா ரெடி, ஒன்றரை லட்சம் கட்டு என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொரு பக்கம் அக்கா வீட்டுக்காரர் வண்ணார்பேட்டையில் சர்வீஸ் கடை போடுகிறார், கூட வா என்று கூப்பிடுகிறார், வருமானம் வர நாளாகும் என்று அவரே சொல்கிறார். ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன், பதில் இல்லை. ஒரு ஜெப வீட்டில் மேற்கே ஒரு வாசல் திறக்கிறது என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அடுத்த வாரம் வேறு ஒருவர் ஊரைவிட்டுப் போகாதே என்றார். இரண்டு பேரும் ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் பேசிவிட்டுத்தான் சொன்னார்கள். நான் யாரை நம்புவது? தேவன் நடத்துகிறார் என்றால் இப்படித்தான் குழப்புவாரா?

கிருபை போதும்:
ஆமென் பிரதர். கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார். விசுவாசத்தை விடாதீர்கள். 🙏

பாளைக்காரன்:
நன்றி பிரதர், ஆனால் இதைத்தான் சித்திரையிலிருந்து எல்லாரும் சொல்கிறார்கள்.

உபதேசியார் மகன்:
தம்பி, அந்த அட்டையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எரேமியா 28, 29 இரண்டு அதிகாரத்தையும் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். அட்டை அடிக்கிறவர்கள் 11ஆம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அதற்கு முன்னால் இருப்பது யாருக்கும் அட்டையில் வராது. அது கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவையும் தச்சர், கொல்லர், பிரபுக்கள் எல்லாரையும் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா பாபிலோனுக்கு எழுதி அனுப்பியது. உங்களைப் போல கைத்தொழில் தெரிந்தவர்களைத்தான் முதலில் கொண்டுபோனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கடிதத்தில் முதலில் என்ன இருக்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், பெருகுங்கள். உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும். அதற்குப் பிறகு 10ஆம் வசனத்தில், எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்று வருகிறது. அதற்கும் பிறகுதான் உங்கள் அட்டை வசனம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்தில், ஜனங்கள் எல்லாரும் பார்த்திருக்க, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பேரில் சொல்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறார். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும்? எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார், அவருக்கும் அதுதானே ஆசை. அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனார்.

ஆகவே தீர்க்கதரிசனம் இனிப்பாக இருக்கிறது, மேடையில் சொல்லப்பட்டது, கர்த்தர் பேர் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஒரு அடையாளமே இல்லை. எங்கப்பா உபதேசியாராக இருந்த ஊரில் ஆள் பார்த்துத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். பெரும்பாலும் வெளிநாட்டு விசாவும் கல்யாணமும்தான் வரும். 'பக்கத்து வயலில் களை எடு' என்று ஒருத்தருக்கும் வந்து நான் கேட்டதில்லை.

கேள்விக்குறி:
உபதேசியார் மகன் சொல்வதை ஒத்துக்கொண்டால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 597-ல் முப்பது வயதில் போனவனுக்குப் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்த 539-ல் எண்பத்தெட்டு வயது. கடிதத்தை வாங்கி வாசித்தவர்களில் பாதிக்கு மேல் அங்கேயே செத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாக்குத்தத்தத்தால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்று. நானும் சபையில் வளர்ந்தவன்தான். சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கிறவர் யார்? விசா வந்தவர், ஆபரேஷன் நல்லபடி முடிந்தவர். அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு பண்ணி எதுவும் நடக்காதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவரிடம் யாரும் மைக் கொடுப்பதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் பேசவைத்து எண்ணினால் தேவன் எல்லாரையும் நன்றாக நடத்துகிறார் என்றுதான் கணக்கு வரும். பாளைக்காரன் கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது, அதற்கு யாரும் ஆமென் போட்டு மூடி வைக்கக் கூடாது.

கிருபை போதும்:
கேள்விக்குறி பிரதர், உங்கள் மனசு கடினப்பட்டிருக்கிறது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கேள்விக்குறி:
ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிலும் சொல்லுங்கள்.

தூத்துக்குடி அக்கா:
நான் சொல்கிறேன். மைக் கொடுப்பதில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் அது சபையின் பழக்கம், வேதத்தின் பழக்கம் அல்ல. எபிரெயர் 11 எடுங்கள். ஆபேல், ஏனோக்கு, நோவா என்று வரிசையாகப் போகிறது, சமுத்திரத்தைக் கடந்தவர்கள், சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் என்று ஜெயித்த ஆள்களாகவே வருகிறது. 35ஆம் வசனத்துக்கு நடுவில் திடீரென்று திரும்புகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கட்டுகளை அனுபவித்தார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு குகைகளில் அலைந்தார்கள். 39ஆம் வசனத்தில் இவர்கள் எல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. சிங்கத்தின் வாயை அடைத்தவனும் வாளால் அறுக்கப்பட்டவனும் ஒரே பட்டியலில், ஒரே விசுவாசத்தின் பேரில். கடைசி பெஞ்சுக்காரனுக்கு மைக் அங்கேயே கொடுத்தாயிற்று, நாம்தான் பிரசங்கத்தை 34-ல் நிறுத்திவிடுகிறோம்.

பாளைக்காரன் தம்பிக்கு இன்னொன்று. பதில் வரவில்லை, வாசல் அடைபடுகிறது என்றால் தேவன் விட்டுவிட்டார் என்று அர்த்தம் இல்லை, அப்போஸ்தலர் 16 பாருங்கள். பவுல் ஆசியா என்கிற ரோம மாகாணத்துக்குப் போக நினைக்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கேயும் தடை. ஏன் தடை என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. கடைசியில் துரோவா துறைமுகத்தில் வந்து நிற்கிறார்கள், முன்னால் கடல்தான். அங்கே ராத்திரியில், மக்கெதோனியாக்காரன் ஒருவன் எங்களுக்கு உதவ வா என்று கூப்பிடுகிற தரிசனம் வருகிறது. சரி, தரிசனத்துக்குக் கீழ்ப்படிந்து போனாரே, போன இடத்தில் மாலை மரியாதையா கிடைத்தது? பிலிப்பியில் அடித்து, தொழுமரத்தில் காலை மாட்டிச் சிறையில் போட்டார்கள். அடி விழுந்தால் தப்பான வழியில் வந்துவிட்டோம் என்று நினைக்கிறோமே, அந்தக் கணக்கும் தப்பு, வசதியாக இருந்தால் சரியான வழி என்கிற கணக்கும் தப்பு.

பாளைக்காரன்:
அக்கா, அப்படியென்றால் அடைபட்டாலும் நடத்துதல், திறந்தாலும் நடத்துதல், அடி விழுந்தாலும் நடத்துதல். எதை வைத்துத்தான் முடிவு எடுப்பது?

கேள்விக்குறி:
அதே. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் விளக்கமே அல்ல.

களக்காட்டுக்காரி:
எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த இழைக்கு அவர் வராமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா. வட அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். தேவன் தன்னை அழைத்தது ஜப்பானுக்கு என்று நினைத்து 1893-ல் கப்பல் ஏறினார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றேகால் வருஷம் போல இருந்துவிட்டு விடவேண்டியதாயிற்று. அங்கிருந்து இலங்கை, அப்புறம் மறுபடியும் வீடு. 1895-ல் பெங்களூர், அங்கிருந்து நம்ம திருநெல்வேலிப் பக்கம், 1901-ல் டோனாவூர். அதே வருஷம்தான் கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சின்னப் பெண் தப்பி ஓடி அவரிடம் வந்தாள், அதிலிருந்துதான் பிள்ளைகளை வளர்க்கிற வேலை தொடங்கியது. அந்த வேலை அவர் போட்ட திட்டத்திலேயே இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வந்தவர் குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச உட்கார்ந்தார்.

இதுவரைக்கும் சொன்னால் "பார்த்தீர்களா, ஜப்பானை அடைத்து டோனாவூரைத் திறந்தார்" என்று பிரசங்கம் பண்ணிவிடலாம், கேள்விக்குறி அண்ணன் உடனே சண்டைக்கு வருவார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951-ல் சாகும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே. சுகம் கிடைக்க எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள், அந்த வளாகம் முழுக்க ஜெபித்திருக்கும். கிடைக்கவில்லை. படுத்துக்கொண்டே எழுதினார், நிறைய எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று பொறித்தார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்த இருபது வருஷத்துக்கு என்ன காரணம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். புத்தகம் எழுதவைக்கத்தான் தேவன் காலை முறித்தார் என்று ஒரு பாஸ்டர் சொன்னபோது எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

திருவள்ளூர் சிவா:
நான் சைவன், இழையை ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். அட்டை எடுப்பது எங்கள் பக்கத்தில் பூப்போட்டுப் பார்ப்பதாக இருக்கிறது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை மனசுக்குப் பிடிக்காத பூ வந்தது என்று பாட்டி மறுபடியும் போடச் சொன்னார். சாமி என்ன நினைத்திருப்பாரோ!

சொல்ல வந்தது சுந்தரர் கதை. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போய்விட்டது. தடவித் தடவி நடந்து திருவெண்பாக்கம் வருகிறார். சாமி, கோயிலுக்குள்தான் இருக்கிறீரா என்று கேட்கிறார். வந்த பதில் "உளோம் போகீர்". இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். கண் கேட்டவருக்கு ஒரு ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கோபத்தில் சுந்தரர் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலத்தில் சொல்வார்கள், ஒடிந்த கொம்போடுதான் நந்தி இருக்கிறார். அந்தப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது, இப்போது இருப்பது இடம் மாற்றிக் கட்டியது. ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது, இன்னொன்று திருவாரூரில். காஞ்சி வரைக்கும் கோல்தான்.

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். ஏன் இப்படி, எப்போது கண் வரும் எதுவும் இல்லை.

உபதேசியார் மகன்:
சிவா, இது எனக்குத் தெரியாத கதை. நன்றி. எங்கள் பக்கத்தில் இதற்கு ஜோடி எண்ணாகமம் 9. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடக்கும்போது மேகம் ஆசரிப்புக் கூடாரத்தின் மேல் தங்கினால் தங்க வேண்டும், எழும்பினால் கிளம்ப வேண்டும். சில வேளை சாயங்காலம் தங்கிக் காலையில் எழும்பும், சில வேளை இரண்டு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம். எத்தனை நாள் என்று முன்கூட்டி அறிவிப்பு கிடையாது. கூடார முளையை அடித்துப் பாத்திரம் பண்டத்தை இறக்கி வைக்கும்போது நாளைக் காலையில் பிடுங்குவோமா அடுத்த வருஷம் பிடுங்குவோமா என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் முளை அடித்தாக வேண்டும், மாட்டைக் கட்டியாக வேண்டும், பிள்ளைக்குச் சோறு போட்டாக வேண்டும். உம்முடைய வசனம் என் காலுக்குத் தீபம் என்கிற வசனத்தை இங்கே யாரும் இழுக்காதீர்கள், அடுத்த அடிக்கு மட்டும் வெளிச்சம் காட்டும் டார்ச் லைட் உதாரணம் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று.

எது நடந்தாலும் பொருந்துகிறது என்றார் கேள்விக்குறி. நடத்துதல் என்பது அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வது என்று எடுத்தால் அவர் சொல்வது சரிதான். பாபிலோனில் இருந்தவனுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த அன்று காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். எப்போது ஊர் திரும்புவேன் என்பதுதான் அவன் கையில் இல்லை. அனனியா பேச்சைக் கேட்டவன் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

ரியாத் ரிட்டர்ன்:
எல்லாரும் எரேமியாவில் இருக்கிறீர்கள், அந்த ஒன்றரை லட்சத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லையே! தம்பி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் முப்பதாயிரமும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், சட்டமே அப்படி. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண் போட்டுப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, கேளுங்கள். பதிவு எண் கேட்டீர்களா? ரசீது தருவாரா? வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் எழுதி, கம்பெனி முத்திரையோடு காட்டினாரா, இல்லை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவா? விசிட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். என் ரூமில் அப்படி வந்தவர்கள் இருந்தார்கள், பாத்ரூமுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, வெளியே போலீஸ் வண்டி நின்றால் இறங்கமாட்டார்கள். அவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

பாளைக்காரன்:
அண்ணே, ஏஜென்ட் எங்கள் ஜெபக் குழுவில் வருகிறவர். அதனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. மேற்கே வாசல் என்று சொன்ன ஜெப வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனதும் அவர்தான்.

ரியாத் ரிட்டர்ன்:
😐

தூத்துக்குடி அக்கா:
தம்பி!! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா!

கேள்விக்குறி:
நான் எதுவும் சொல்லவில்லை.

கிருபை போதும்:
ஒருவர் தப்பாக இருந்தால் எல்லாத் தீர்க்கதரிசனமும் தப்பு என்று ஆகாது. ஆனால் பதிவு எண் கேளுங்கள் பிரதர். ஆவிகளைச் சோதித்தறியுங்கள் என்று 1 யோவான் 4-லேயே இருக்கிறது. கேட்பது அவிசுவாசம் இல்லை.

களக்காட்டுக்காரி:
கிருபை போதும் அண்ணனிடமிருந்து இந்தப் பதிலா! சந்தோஷம்.

பாளைக்காரன்:
கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தே கேட்டேன். நம்பர் ஆபீஸில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. மறுபடியும் போன் போட்டால் விசுவாசம் இல்லாதவர்களுக்கு ஆசீர்வாதம் தங்காது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். தளத்தில் அவர் சொன்ன பேரைப் போட்டுத் தேடினேன், இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பணம் கட்டப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதனால் எனக்கு மனசு தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓமான் போய்விட்டது, கடை மட்டும் மிச்சம், அதில் எனக்கு ஆசை இல்லை. வண்ணார்பேட்டையில் ஏற்கெனவே எத்தனை சர்வீஸ் கடை இருக்கிறது. வழி திறந்த மாதிரியே இல்லை, ஒரு வழி குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ஜெபிக்கும்போது முன்னால் வார்த்தை வரும், இப்போது அதுவும் வருவதில்லை, சும்மா முழங்காலில் இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

தூத்துக்குடி அக்கா:
சும்மா இருப்பதும் ஜெபம்தான் தம்பி. சங்கீதம் 88 வாசித்திருக்கிறீர்களா? புலம்பல் சங்கீதங்கள் அநேகமாகக் கடைசியில் துதியில் வந்து நிற்கும், அது இருளிலேயே முடிகிறது. அதையும் எடுத்து வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆசை வராவிட்டால் பரவாயில்லை, மச்சானிடம் கணக்கு வழக்கு முன்னாடியே பேசி எழுதிக்கொள்ளுங்கள், சொந்தத்துக்குள் அதில்தான் சண்டை வரும்.

கேள்விக்குறி:
எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை என்பதைப் பதிவு பண்ணிவிடுகிறேன். அனனியாவையும் எரேமியாவையும் இன்று நாம் பிரித்துப் பார்க்கிறோம், ஏனென்றால் முடிவு தெரியும். அன்று ஆலயத்தில் நின்றவனுக்கு இரண்டு பேரும் கர்த்தர் பேரில் பேசிய இரண்டு ஆள்கள். அவன் என்ன செய்திருப்பான்?

உபதேசியார் மகன்:
நல்ல கேள்வி, எரேமியாவே அதற்கு ஒரு அளவு சொல்கிறார், 28:9. சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, சொன்னது நடந்த பிறகு நம்பு. அதுவரைக்கும் நிரூபிக்க வேண்டிய பாரம் இனிப்பாகச் சொல்கிறவன் மேல்தான். முழுப் பதில் இல்லை, தெரியும். அன்று நின்றவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்குமா என்று கேட்டால், இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேள்விக்குறி:
இதை ஒத்துக்கொண்டீர்களே, அது போதும் இப்போதைக்கு.

பாளைக்காரன்:
நேற்று மச்சானோடு உட்கார்ந்து எழுதிவிட்டோம், லாபத்தில் எனக்கு நூற்றுக்கு நாற்பது, கருவிகள் என்னுடையது. ஸ்பிளிட் ஏசிக்குக் கேஸ் சார்ஜ் பண்ணும் மெஷின் பழையது ஒன்று வேண்டும், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். ஏஜென்ட் இந்த வாரமும் ஜெபக் குழுவுக்கு வந்திருந்தார், எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபை போதகர் ஐயரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரியாத் ரிட்டர்ன்:
யோசிக்காதீர்கள், சொல்லுங்கள். அடுத்தவன் பணம் கட்டுவதற்குள்.